கூபே வைத்திருந்தவர்களின் அனுபவம்: எது சுகம், எது சுமை?

ஆறு ஆண்டுகளாக ஓட்டுபவர்:

இரண்டு கதவு, நீண்ட முன்பக்கம், பின்னோக்கிச் சரிந்து இறங்கும் கூரை: இதுதான் கூபே கார். இளம் வயதில் பிடித்த ஆசை நாற்பத்தைந்தில்தான் கைக்கு வந்தது. வாங்க நினைப்பவர்கள் என்னிடம் குதிரைத்திறனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆறு ஆண்டுகள் ஓட்டிய பிறகு நான் சொல்வேன்: இந்தக் காரின் அருமை வளைவில் தெரியும், தொல்லை அதை நிறுத்தும்போது தெரியும்.

விடியற்காலையில் ஆளில்லாத மலைப்பாதைக்குப் போவேன். எடை முழுவதும் தாழ்வாக இருப்பதால் வளைவில் கார் சாய்வது அநேகமாகத் தெரியாது. சாலையின் சொரசொரப்பு ஸ்டியரிங் வழியே உள்ளங்கைக்கு வந்து சேரும். வளைவு முடியும் இடத்தில் ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தினால் எடை பின்சக்கரங்களுக்கு நகர்ந்து, கார் ஊன்றிக்கொண்டு கிளம்பும். வேகம் அதிகம் தேவையில்லை. அனுமதித்த வேகத்திலேயே அந்த மகிழ்ச்சி முழுதாகக் கிடைக்கிறது. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கினால் அந்த வாரத்தின் அலுப்பு எங்கே போனதென்று தெரியாது.

நிறுத்தும்போதுதான் கஷ்டம். கதவு நீளமானது. பக்கத்தில் இன்னொரு கார் நெருங்கி நின்றுவிட்டால் பாதிகூடத் திறக்காது. என் அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. முதல் நாள் ஆசையாக ஏறி உட்கார்ந்தார். இறங்கும்போது என் இரு கைகளையும் பற்றிக்கொண்டு மூன்று முறை முயன்ற பிறகே எழ முடிந்தது. "நல்ல கார்ப்பா" என்றார். அதன் பிறகு ஒருமுறைகூட அதில் ஏறவில்லை. இன்றும் அது எனக்கு உறுத்தல்தான்.

விற்றுவிட்டவர்:

அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. ஏறி இறங்கும் சிரமம் இந்த வகைக் கார்களின் பிறவிக் குணம். 1954இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரில் கதவுகள் இறக்கை போல மேல்நோக்கித் திறக்கும். அழகுக்காகச் செய்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் குழாய்ச் சட்டகம் பக்கவாட்டில் மிக உயரமாக இருந்ததால் வழக்கமான கதவு வைக்க இடமில்லை, கீலைக் கூரையில் பொருத்தினார்கள். ஓட்டுபவர் உள்ளே நுழைய வசதியாக ஸ்டியரிங் சக்கரத்தையே மடக்கும்படி அமைத்தார்கள்.

நான் விற்றது குழந்தைக்காக. பின்னிருக்கையில் குழந்தை இருக்கையைப் பூட்டும் கொக்கிகள் இருந்தன, அதை நம்பி வாங்கினேன். பின்னோக்கிப் பொருத்தும் இருக்கையை வைத்ததும் முன்னிருக்கையை நகர்த்த வேண்டியதாயிற்று. மனைவியின் முழங்கால் டாஷ்போர்டில் இடித்தது. ஒருநாள் கொட்டும் மழையில், தூங்கும் குழந்தையை அந்த இடுக்கு வழியாக வெளியே எடுக்க முயன்றபோது அதன் தலை கூரையில் பட்டுவிட்டது. மறுவாரமே விற்றேன். அந்த எஞ்சின் ஒலிக்காக மட்டும் இன்றும் ஏங்குகிறேன்.

பழைய காராக வாங்கியவர்:

டயரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. என் காரில் பின் டயர் முன் டயரைவிட அகலம். ஆகவே முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்ய வழியில்லை, பின் ஜோடி விரைவில் தேய்ந்துவிடும். பிடிமானத்துக்காக மென்மையான ரப்பரில் செய்த டயர்கள் நீண்டநாள் உழைப்பதுமில்லை. பக்கச்சுவர் குட்டையாக இருப்பதால் ஒரு பள்ளம் போதும், ரிம் வளைந்துவிடும்.

மாற்றுச் சக்கரமும் கிடையாது. ஓட்டையை அடைக்கும் திரவமும் காற்றடிக்கும் சிறு கருவியும்தான் கொடுத்திருந்தார்கள். ஆணி குத்தினால் அது உதவும். எனக்குப் பக்கச்சுவர் கிழிந்தது. இரவில் நான்கு மணி நேரம் இழுவை வண்டிக்காகக் காத்திருந்தேன்.

இன்னொன்று: குறைவாக ஓடிய கார் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். என் டயர்களில் தேய்மானமே இல்லை. ஆனால் பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்களைப் பார்த்தபோதுதான் அவற்றின் வயது தெரிந்தது. முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3515 என்றால் 2015ஆம் ஆண்டின் 35ஆம் வாரம். நான்கையும் மாற்றினேன். காரின் விலை பாதியாகக் குறைந்திருக்கலாம். பிரேக் தட்டும் சஸ்பென்ஷனும் புதுக் காருக்குரிய விலையிலேயே வரும்.

இவ்வளவுக்கும் பிறகு விற்பாயா என்றால் மாட்டேன்.

ஆறு ஆண்டுகளாக ஓட்டுபவர்:

டயர் விஷயம் முற்றிலும் உண்மை. நானும் இரண்டு ரிம் மாற்றியிருக்கிறேன். வேகத்தடையையும் சரிவையும் சற்றுக் குறுக்காக ஏறினால் முன்பம்பரின் அடிப்பகுதி உரசுவது பெருமளவு குறையும்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சோதனை ஓட்டத்துக்கு நெடுஞ்சாலை மட்டும் போதாது. காரை உங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். சரிவில் ஏற்றிப் பாருங்கள், வழக்கமாக நிறுத்தும் இடத்தில் நிறுத்திக் கதவைத் திறந்து பாருங்கள். வீட்டில் வயதில் மூத்தவரை உட்காரவைத்து, தானாக இறங்க முடிகிறதா என்று பாருங்கள். நான் அன்று தனியாகப் போய், ஒரே ஒரு வளைவில் மயங்கிக் கையெழுத்திட்டுவிட்டு வந்தேன்.