டையோடு பாலம்: சுமையில்லாமல் 16 வோல்ட், சுமை ஏற்றினால் சரிவு ஏன்?

வினா

12 வோல்ட், 1 ஆம்பியர் மின்மாற்றியின் துணைச்சுருளில் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்க நான்கு 1என்4007 டையோடுகளை (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்புகள்) பாலமாக இணைத்துள்ளேன். சிறிய மின்தடை ஒன்றை மட்டும் சுமையாக வைத்தபோது மல்டிமீட்டர் நேர்திசையில் 9.5 வோல்ட் காட்டியது. மின்தடையை எடுத்துவிட்டு 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை இணைத்ததும் 16 வோல்ட்டைத் தாண்டியது. ஆனால் அரை ஆம்பியர் இழுக்கும் ஆம்ப்ளிஃபயரை இணைத்தால் மின்னழுத்தம் இறங்குவதுடன் ஸ்பீக்கரில் ஓயாத உறுமலும் கேட்கிறது. மின்தேக்கி பழுதா?

மறுமொழி 1

பழுது என்று நினைக்க வேண்டியதில்லை. நீங்கள் அளந்தவை எல்லாம் கணக்கோடு ஒத்துப்போகின்றன. மின்மாற்றியில் குறித்துள்ள 12 வோல்ட் என்பது ஆர்எம்எஸ் மதிப்பு, அதாவது மாறுதிசை மின்னழுத்தத்தின் பயனுறு அளவு. அலையின் உச்சம் அதைப்போல் 1.414 மடங்கு, அதாவது ஏறத்தாழ 17 வோல்ட். மின்தேக்கி இல்லாதபோது மீட்டர் காட்டுவது சராசரியை: 12-இல் 0.9 பங்கு 10.8, ஒவ்வோர் அரைச்சுற்றிலும் இரண்டு டையோடுகள் தொடராக வருவதால் 1.4 வோல்ட் கழிந்து 9.4. மின்தேக்கியோ உச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

உறுமலுக்குக் காரணம் வேறு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை முழு அலையாகத் திருத்தும்போது (இரு அரைச்சுற்றுகளையும் ஒரே திசைக்குத் திருப்பும்போது) நொடிக்கு 100 மேடுகள் வருகின்றன. இரு மேடுகளுக்கு இடைப்பட்ட 10 மில்லிநொடியில் பெரும்பகுதி நேரம் ஆம்ப்ளிஃபயருக்கு மின்தேக்கி மட்டுமே மின்னோட்டம் தர வேண்டும். 0.5 ஆம்பியரை 0.01 நொடியால் பெருக்கி 0.001 ஃபாரடால் வகுத்தால் 5 வோல்ட் சரிவு. உண்மைச் சரிவு இதைவிடச் சற்றுக் குறைவாக இருந்தாலும், காதில் விழுவது அந்த 100 ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கம்தான். 4700 மைக்ரோஃபாரட் வைத்தால் அது 1 வோல்ட் அளவுக்குச் சுருங்கும். 25 வோல்ட் தாங்குவதாக வாங்குங்கள், துருவம் மாறாமல் இணையுங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னது சரி. ஆனால் மின்தேக்கியை அளவின்றிப் பெரிதாக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது பெரிதாகப் பெரிதாக, டையோடுகள் அலையின் உச்சியை ஒட்டிய சிறு இடைவெளியில் மட்டும் கடத்தி, குறுகிய, உயரமான துடிப்புகளாக மின்னோட்டத்தை இழுக்கும்; மின்மாற்றி சூடாவது இதனால்தான். 1 ஆம்பியர் மின்மாற்றியிலிருந்து இப்படித் தொடர்ந்து எடுக்கத்தக்க நேர்திசை மின்னோட்டம் ஏறத்தாழ 0.6 ஆம்பியரே. உங்கள் சுமை அதற்குள் அடங்குகிறது.

12 வோல்ட்டை மாறாமல் தரும் 7812 சீராக்கியைச் சேர்க்க எண்ணினால், அலையின் பள்ளத்திலும் அதன் உள்ளீட்டில் 14 வோல்ட் இருக்க வேண்டும். 4700 மைக்ரோஃபாரடில் அது மயிரிழையில்தான் கிடைக்கும். மின்வழங்கல் கொஞ்சம் தாழ்ந்தாலும் உறுமல் திரும்பிவிடும். ஆம்ப்ளிஃபயர் 9 வோல்ட்டில் இயங்குமானால், 9 வோல்ட் தரும் 7809 சீராக்கி போதும்.

வினா எழுப்பியவர்

ஒரே ஒரு டையோடுடன் முடித்துக்கொள்ள முடியாதா?

மறுமொழி 1

முடியும், ஆனால் நொடிக்கு 50 மேடுகளே கிடைப்பதால் அதே மின்தேக்கியில் சரிவு இரட்டிப்பாகும். அந்த டையோடு பின்னோக்கி 34 வோல்ட் வரை தாங்க வேண்டும். 1000 வோல்ட் தாங்கும் 1என்4007-க்கு அது பொருட்டல்ல. அரை ஆம்பியர் சுமைக்குப் பாலத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.