டெல்டா களிமண்ணில் பைன் மரம் நிற்குமா? எந்த வகையைத் தேர்வு செய்யலாம்?

பாமணிக்கரை:
மன்னார்குடிக்குக் கிழக்கே 20 சென்ட் மனை. தோட்டத்துக்கு நடுநாயகமாக ஒரு பைன் மரமும், மேற்கு வேலியோரம் பார்வை மறைக்க வரிசையாகப் பசுமை மாறாத ஊசியிலை மரங்களும் வைக்க எண்ணம். மண் கருங்களி, பிஎச் 7.8 (7-க்கு மேல் என்றால் காரம்). போர்வெல் தண்ணீர் 7.9. ஐப்பசி, கார்த்திகையில் கனமழை பெய்தால் இரண்டு மூன்று நாள் தண்ணீர் தேங்கும். தேவதாரு, ஸ்ப்ரூஸ், பைன் மூன்றில் எது சரிவரும்? பக்கத்து நர்சரியில் நாலடி உயர ‘கிறிஸ்துமஸ் மரம்’ இருக்கிறது, பைன்தான் என்கிறார்கள். நம்பலாமா?

கூம்புக்காய்:
முதலில் நர்சரி மரம். இலையைக் கையில் பிடித்துப் பாருங்கள். பைன் என்றால் ஊசிகள் இரண்டு, மூன்று அல்லது ஐந்தாகச் சேர்ந்து, அடியில் மெல்லிய உறைக்குள் கட்டு கட்டாக இருக்கும். தேவதாருவில் குட்டையான பக்கக்குச்சிகளின் நுனியில் ஊசிகள் கொத்தாக நிற்கும். இரண்டும் இல்லாமல், கிளைகள் அடுக்கடுக்காகக் குடைபோல விரிந்து, ஊசி மென்மையாகக் கிளையைச் சுற்றி ஒட்டியிருந்தால் அது அரோகேரியா. நம்மூரில் ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்று விற்பது பெரும்பாலும் அதுதான். கூம்பு மரம்தான், ஆனால் பைன் குடும்பம் அல்ல. செதில் செதிலாகத் தட்டையாக இருந்தால் தூஜா. சவுக்கோ கூம்பு மரமே கிடையாது, பூக்கும் தாவரம்.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. ‘தேவதாரம்’ என்று நம் புதர்க்காடுகளில் ஒரு சிறுமரம் இருக்கிறது. இமயமலைத் தேவதாருவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கன்று கேட்கும்போது தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.

ஸ்ப்ரூஸ், ஃபிர், தேவதாரு மூன்றையும் விட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் மொட்டு உறங்கி, குளிர் கழிந்து விழிக்கும் மரங்கள் அவை. தேவதாரு இயல்பாக வளர்வதே ஏறத்தாழ 1,500 மீட்டருக்கு மேல். கொடைக்கானலில் பார்க்கும் பாட்டுலா பைன் மெக்சிகோ மலைகளிலிருந்து வந்தது, அதுவும் சமவெளிக்கு ஆகாது. சிர் பைன் வெயிலைத் தாங்கும், ஆனால் அது வடிகால் நன்றாக உள்ள மலைச்சரிவு மரம். உங்கள் கார்த்திகைத் தண்ணீரில் வேர் அழுகிவிடும்.

புதுஆற்றுப்பாசனம்:
மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் பைனே கூடாது என்று முடித்துவிட வேண்டாம். கடல்மட்டத்திலேயே வளரும் பைன் ஒன்று உண்டு: கரீபியன் பைன். பஹாமாஸ் தீவுகளில் அதன் ஒரு வகை சுண்ணாம்புப் பாறை மேலேயே வளர்கிறது, அதனால் மற்ற பைன்கள் அளவுக்குக் காரத்துக்கு அஞ்சாது. கன்று வாங்கினால் அந்த பஹாமா வகையா என்று கேளுங்கள். டெல்டாவில் பைனைக் கொல்வது வெயிலைவிடத் தேங்கும் தண்ணீர்தான்.

களியில் குழி வெட்டி மணலும் செம்மண்ணும் நிரப்பி நடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சுற்றிலும் களி இருப்பதால் அந்தக் குழி தொட்டியாகி, மழைத்தண்ணீர் முழுவதும் அதில் இறங்கி நிற்கும். குழியே வேண்டாம். தரையை மண்வெட்டியால் கொத்திவிட்டு மேடு போடுங்கள்: அடியில் 3 மீட்டர் அகலம், உச்சியில் 2 மீட்டர், உயரம் 60 செ.மீ. இதற்கு ஏறக்குறைய ஒரு யூனிட் (100 கன அடி) மண் பிடிக்கும். முக்கால் பங்கு வல்லம் அல்லது பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் (இறக்குமுன் பிஎச் பார்த்துவிடுங்கள், 6.5-க்குள் இருந்தால் நல்லது), கால் பங்கு பருமணல். எம்சாண்ட் என்றால் தூசு கழுவியது மட்டும். மேட்டைச் சுற்றி வாய்க்கால் எடுத்து, தண்ணீர் வெளியேற வழி விடுங்கள். அந்த வழி இல்லையென்றால் மேடு போட்டும் பயனில்லை.

நட ஏற்ற மாதம் தை. அடுத்த அடைமழைக்குள் வேர் பிடிக்க ஒன்பது மாதம் கிடைக்கும். கன்று ஒன்றரை, இரண்டு அடி போதும். பையில் பல வருடம் இருந்த உயரமான கன்றின் வேர் உள்ளேயே சுருண்டிருக்கும். பிற்காலத்தில் காற்றில் சாய்வது அதுதான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வீசியபோது தென்னையே வேரோடு விழுந்த மண் இது. முதல் இரண்டு வருடம் மூன்று பக்கமும் கயிறு கட்டுங்கள். இறுக்கமாக வேண்டாம், தண்டு சற்று ஆட வேண்டும். முழு வளர்ச்சியில் 20 மீட்டர் தாண்டும், எனவே வீட்டிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் 10 மீட்டராவது தள்ளி நடுங்கள்.

வெப்பச் சமவெளியில் இந்த பைனுக்கு ஒரு குணம் உண்டு. சில மரங்கள் பல அடி உயரத்துக்குக் கிளையே விடாமல் நரிவால் போலப் போகும். அதனால் மறைப்பு வேலிக்கு இதை நம்ப வேண்டாம், தனிமரமாக மட்டும் வையுங்கள்.

பாமணிக்கரை:
மிக்க நன்றி. பைனுக்கு வேர்ப்பூஞ்சை கட்டாயம் என்று படித்து, உரக்கடையில் வேம் (VAM) என்ற வேர்ப்பூஞ்சைப் பொடி 2 கிலோ வாங்கி வைத்திருக்கிறேன். டிஏபி உரத்தோடு (மணிச்சத்து மிகுந்தது) கலந்து அடியில் போடலாமா? மேற்கு வேலிக்கு என்ன வைப்பது?

கூம்புக்காய்:
அந்த வேம் பொடியைத் தென்னைக்கும் காய்கறிக்கும் போடுங்கள், பைனுக்கு உதவாது. வேம் வேரின் உள்ளே புகும் வகைப் பூஞ்சை. பைனுக்கு வேண்டியது வேரைப் போர்வைபோல வெளியே மூடும் வேறு வகை. பைன் இயல்பாக இல்லாத நாடுகளில் தொடக்கத்தில் கன்றுகள் மஞ்சளித்துக் குன்றிப்போனதற்கு இந்தப் பூஞ்சை மண்ணில் இல்லாததே காரணம். பைன் தோப்பு மண்ணைக் கொஞ்சம் கொண்டுவந்து கலந்ததும் தேறின. ஆகவே கன்றை அதன் தாய்மண் உதிராமல் வாங்குங்கள். வளர்ந்த பைன் நர்சரியின் பாத்தி மண் இரண்டு கைப்பிடி கிடைத்தால் வேரடியில் இடுங்கள். டிஏபி கூடவே கூடாது. மணிச்சத்து மிகுந்தால் பூஞ்சை வேரோடு சேராது.

போர்வெல் தண்ணீரால் ஓரிரு வருடத்தில் மேட்டு மண்ணும் காரமாகும். புதுத் தளிர் மட்டும் வெளுத்தால் இரும்புக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம், ஊசியில் மெழுகு இருப்பதால் ஒட்டும் திரவம் கொஞ்சம் சேர்த்து மாலையில் தெளியுங்கள். மண்ணில் இடுவதென்றால் இடிடிஹெச்ஏ (EDDHA) வகை இரும்பு உரம்தான். இடிடிஏ (EDTA) வகை இரும்பு இந்தக் காரத்தில் நிலைக்காது. மழைத்தண்ணீர் சேமிப்பு இருந்தால் அதையே இந்த மரத்துக்கு ஒதுக்குங்கள்.

மேற்கு வேலிக்குச் சவுக்கே போதும். ஒரு மீட்டர் இடைவெளியில் இரட்டை வரிசை, எட்டடியில் நுனி வெட்டி அடர்த்தியாக்கலாம். கூம்பு மரம்தான் வேண்டுமென்றால் பொடோகார்பஸ், ஒன்றரை அடி உயர வரப்பின் மேல், 90 செ.மீ இடைவெளி. மேற்குத் தொடர்ச்சி மலையில் இயல்பாக வளரும் ஒரே கூம்பு மரம் அந்தக் குடும்பத்ததுதான்.

புதுஆற்றுப்பாசனம்:
இரண்டு விஷயம் விட்டுப்போனது. பைனின் வேர் செத்தாலும் ஊசிகள் சில வாரம் பச்சையாகவே இருக்கும். கார்த்திகையில் அழுகியது தையில்தான் பழுப்பாகத் தெரியும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றி மிச்ச வேரையும் அழிப்பார்கள். நான்கு அங்குலம் தோண்டி, ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள். சித்திரை வெயிலில் மூன்று நாளுக்கொருமுறை 8 லிட்டர் போதும்.

அடுத்து வெட்டுவது. ஊசி இல்லாத பழைய கட்டை வரை கிளையை வெட்டினால் பெரும்பாலும் திரும்பத் துளிர்க்காது. அடர்த்தி வேண்டுமென்றால், மெழுகுவர்த்திபோல நிமிர்ந்து வரும் இளந்தளிரை, ஊசி விரியுமுன் பாதி கிள்ளிவிடுங்கள். நடுக்குருத்தைத் தொடாதீர்கள். நர்சரி அரோகேரியாவை வாங்கினாலும் இதே எச்சரிக்கைதான். அதில் பக்கக்கிளையைப் பதியன் போட்டால் அது மரமாக நிமிராது, படுக்கையாகவே வளரும். விதைக்கன்றா என்று கேட்டு வாங்குங்கள்.