வேலூர்க் கோட்டையை கேமில் கொண்டுவர எங்கிருந்து ஆரம்பிப்பது?

அகழி_ஓரம்
வணக்கம். காட்பாடியில் இருக்கிறேன், கல்லூரி இரண்டாம் வருடம், அன்ரியல் எஞ்சின் (கேம் செய்கிற மென்பொருள்) ஓரளவுக்குத் தெரியும். ஜப்பானின் சுஷிமா தீவில் நடக்கிற கோஸ்ட் ஆஃப் சுஷிமா கேம் விளையாடியதிலிருந்து இதே நினைப்புதான். அந்தத் தீவு நிஜமாகவே இருக்கிறது, கேம் வந்த அடுத்த வருடமே (2021) அதை இயக்கிய இருவரையும் அங்கே சுற்றுலாத் தூதர்களாக ஆக்கினார்கள். 2017ல் வந்த அன்சார்ட்டட் தி லாஸ்ட் லெகசியில் மேற்குத் தொடர்ச்சி மலையும் ஹொய்சாளர் கட்டடக்கலையும் வந்துவிட்டன. நம்ம கோட்டைக்கு என்ன குறைச்சல்? முழுக் கோட்டையையும் அளவு மாறாமல் செய்ய ஆசை. தனி ஆளால் முடியுமா? போட்டோ எடுத்து 3டி ஆக்குவதா, கையால் மாடல் செய்வதா?

பாலாற்று_மணல்
தம்பி, "அளவு மாறாமல்" என்பதை முதலில் விட்டுவிடு. கோட்டை 133 ஏக்கர். அதை அப்படியே வைத்தால் விளையாடுகிறவன் பாதி நேரம் வெறும் மைதானத்தில் ஓடிக்கொண்டிருப்பான். ஜிடிஏ 5 கேமில் வரும் லாஸ் சாண்டோஸ் நகரம் நிஜ லாஸ் ஏஞ்சலஸ்தான், ஆனால் கடற்கரை, மலை மேல் இருக்கிற பெரிய எழுத்துப் பலகை, பாலைவனம் எல்லாவற்றையும் சில நிமிடக் கார் ஓட்டத்துக்குள் சுருக்கி வைத்தார்கள், யாருக்கும் ஊர் சின்னதாகிவிட்டது என்று தோன்றவில்லை. 2014ல் வந்த அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி இன்னும் நல்ல உதாரணம். கதை பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் நடக்கிறது, ஆனால் அதில் பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தின் மேல் நிற்கும் ஊசிக்கோபுரம் 19ஆம் நூற்றாண்டில் வைத்தது. அது இல்லாமல் காட்டினால் பார்க்கிறவர்களுக்கு நோத்ர தாம் என்றே தோன்றாது, அதனால் தெரிந்தேதான் வைத்தார்கள். வேலூர்க்காரன் கண்ணை மூடினால் என்ன வரும் என்று யோசி. அகழித் தண்ணீர், தண்ணீரிலிருந்து நேராக எழும்புகிற கருங்கல் சுவர், அதற்குப் பின்னால் இன்னொரு உயரமான சுவர், கிழக்கே மலை. இந்த நான்கும் சரியாக வந்தால் உள்ளே எதைச் சுருக்கினாலும் நம்ம ஊர்தான்.

கருங்கல்_ரசிகன்
போட்டோவா, கையாலா என்று கேட்டீர்கள். இரண்டும் வேண்டும். தி வானிஷிங் ஆஃப் ஈதன் கார்ட்டர் கேமில் போலந்து மலைப்பகுதியின் பாறை, கட்டடம், அணை எல்லாவற்றையும் போட்டோ எடுத்துத்தான் 3டி ஆக்கினார்கள், 2014லேயே. நம்ம கருங்கல் இதற்கு அருமையான பொருள். உளித் தடம், மழைக் கறை, காய்ந்த பாசி என்று ஒவ்வொரு கல்லிலும் ஏதாவது இருப்பதால் எந்தப் புள்ளி எங்கே என்று மென்பொருளால் எளிதாகக் கண்டுபிடிக்க முடியும். ஒரு படத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அடுத்த படத்திலும் இருக்கும்படி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து எடுங்கள். அகழித் தண்ணீரை மட்டும் போட்டோவில் பிடிக்க முடியாது, படத்துக்குப் படம் மினுமினுப்பு மாறிவிடும், அதை எஞ்சினிலேயே செய்துகொள்ளுங்கள். வேலூர் வெயிலில் மதியம் எடுக்கவே எடுக்காதீர்கள், நிழல் கல்லோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் கேமில் ராத்திரிக் காட்சி வைத்தாலும் அந்த மதிய நிழல் அங்கேயே கிடக்கும். மேகமூட்டமான நாள்தான் சரி.

ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளித் தூண்கள் வேறு கதை. யாளியின் கால்களுக்கு நடுவே, கடிவாளத்துக்குப் பின்னால் எல்லாம் கேமரா நுழையாது, மாடலில் ஓட்டை விழும், அந்த இடங்களைக் கையால்தான் அடைக்க வேண்டும். விதானத்தில் தலைகீழாகத் தொங்குகிற கிளிகளை விட்டுவிடாதீர்கள். 1981லிருந்து மறுபடியும் வழிபாடு நடக்கிற கோயில், கேட்டுவிட்டு எடுங்கள். கோட்டை தொல்லியல் துறையிடம் இருக்கிறது, முக்காலி, ட்ரோன் என்றால் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்குங்கள்.

மக்கான்_சிக்னல்
எல்லாரும் கல்லைப் பற்றியே பேசுகிறீர்கள், விளையாட என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லையே! 1806 ஜூலை 10, விடியற்காலை. புதுத் தலைப்பாகை போடு, நெற்றிக்குறியை அழி, தாடியை எடு என்று வந்த உத்தரவில் கொதித்துப்போன இந்தியச் சிப்பாய்கள் வெள்ளைக்காரர்களை எதிர்த்து எழுகிறார்கள். திப்புவின் பிள்ளைகள் கோட்டைக்குள் இருக்கிறார்கள், மைசூர்ப் புலிக்கொடி ஏறுகிறது. உயிர் தப்பிய வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வாசலுக்கு மேலே மதிலில் ஒதுங்கி நிற்கிறார்கள். ஆற்காட்டிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் குதிரையில் வந்த வெள்ளைக்கார அதிகாரி கில்லஸ்பி அந்த மதிலில் கயிறு பிடித்து ஏறுகிறான், பின்னாலேயே வந்த பீரங்கி வாசல் கதவை உடைக்கிறது. அப்புறம் நூற்றுக்கணக்கான இந்தியச் சிப்பாய்களைக் கொன்று தீர்த்தார்கள். இத்தனையும் அந்த வாசலைச் சுற்றித்தான். சிப்பாயாக நின்று அந்த வாசலைக் காக்கிற மாதிரி செய்யுங்கள். தினமும் நினைவுத் தூணைத் தாண்டிப் போகிற பிள்ளைகளில் பலருக்கு அது எதற்கு நிற்கிறது என்றே தெரியாது, அவர்களாவது விளையாடட்டும்.

அகழி_ஓரம்
அப்படியென்றால் வாசல், அதன் இரண்டு பக்கமும் கொஞ்சம் மதில், கீழே அகழி, இவ்வளவுதான் முதல் லெவல். மண்டபம் பிறகு. கில்லஸ்பி ஏறிய இடம் மதிலில் சரியாக எங்கே வரும்?

மக்கான்_சிக்னல்
கிழக்கு வாசல் பக்கம், பாலம் இறங்குகிற இடத்துக்கு நேர் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் வருகிறேன், நடந்து பார்த்துவிடலாம்.