புதுப்பிப்பு: ஆலிஸ் ஹோவெல் பற்றி மேலும் சில செய்திகள்

1914-இல் கீஸ்டோன் நிறுவனத்தின் சாப்ளின் குறும்படங்களில் சிறு வேடங்களில் வந்து போகும் அமெரிக்க மௌனப்பட நகைச்சுவை நடிகை ஆலிஸ் ஹோவெலைப் பற்றி முன்பு இங்கே எழுதியிருந்தேன். பின்னாளில் அவர் கதாநாயகியாக நடித்த படங்கள் ஏதேனும் எஞ்சியுள்ளனவா என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

எஞ்சியுள்ளன, ஆனால் மிகச் சிலவே. அவற்றுள் 1920-இல் வெளிவந்த 'சின்டரெல்லா சின்டர்ஸ்' அவசியம் பார்க்க வேண்டியது. செல்வந்தர் வீட்டுச் சமையற்காரி, விருந்தில் உயர்குடிப் பெண்ணாக நடிக்க நேர்கிறது என்பதே கதை. உச்சந்தலையில் வைக்கோற்போர் போலக் குவிந்த சுருள்முடியும் விறைத்த நடையுமாக அவர் வரும்போது, சுற்றிலும் எவ்வளவு அமளி நடந்தாலும் முகத்தில் மட்டும் தன் மதிப்பை விட்டுக்கொடுக்காத ஒரு தீவிரம் நிலைத்திருக்கிறது. அழகுப் பதுமையாக நிற்காமல், விழுந்தும் புரண்டும் உடலாலேயே சிரிக்க வைத்த அவரை முன்னணி நகைச்சுவைக் கலைஞர்களின் வரிசையில் வைப்பதே நியாயம் என்று உறுதியாக நம்புகிறேன். 1917-இல் செஞ்சுரி நிறுவனத்தின் நகைச்சுவைப் படங்கள் அவரையே மையமாக வைத்து எடுக்கப்பட்டன என்பதும் அவருக்கிருந்த செல்வாக்கைக் காட்டுகிறது.

அவருடைய மகள் இவோன், இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸை மணந்தார். அவர்களின் மகன் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் ஜூனியர்தான் பழைய படங்களைக் காப்பதையும் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டு 1967-இல் உருவான அமெரிக்கத் திரைப்பட நிறுவனத்தின் (American Film Institute) முதல் இயக்குநர். 1961-இல் மறைந்த பாட்டி அதைக் காணவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தமே.