அஞ்சாம் மாசம், ராத்திரி தூக்கமே இல்ல, ஒரே பயம்

முதல்பாப்பா:
சிஸ்டர்ஸ், எனக்கு 20 வாரம், முதல் குழந்தை. அனாமலி ஸ்கேன் (பாப்பா உறுப்பெல்லாம் சரியா இருக்கான்னு பாக்கறது) எடுத்தாச்சு, டாக்டர் எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க, ஆனா ரிப்போர்ட்ல பிளசென்டா ஆன்டீரியர்னு போட்டிருந்துச்சு, அத வீட்டுக்கு வந்து கூகுள்ல தேடப் போய் அதுலேர்ந்து மனசே சரியில்ல. அசைவு வேற இன்னும் தெரியல. ஓரகத்திக்கு நாலரை மாசத்துலயே தெரிஞ்சுச்சாம், மாமியார் தினம் "இன்னுமா தெரியல"ன்னு கேக்குறாங்க. பாத்ரூம் போறப்பல்லாம் ரத்தம் படுதான்னு பாக்குறேன். நடுராத்திரி முழிப்பு வந்துட்டா விடியற வரைக்கும் போன்தான். வீட்டுக்காரர் ஓசூர்ல வேலை, "டென்ஷன் ஆகாத, பாப்பாவுக்கு ஆகாது"ங்கறார், அதக் கேட்டா இன்னும் ஜாஸ்தியாகுது 😞

கோவைஅம்மா:
எனக்கும் ஆன்டீரியர்தான்பா. பிளசென்டான்னா நஞ்சுக்கொடி, அது வயித்துக்கு முன்பக்கம் ஒட்டியிருக்கு, அவ்வளவுதான், நடுவுல மெத்தை வச்ச மாதிரி, அதான் உதைக்கறது லேட்டா தெரியும். எனக்கு மொதல்ல வயித்துல கேஸ்னுதான் தோணுச்சு. முதல் பிரசவத்துல 20 வாரம் தாண்டித் தெரியறது சகஜம். 24 வாரம் வரைக்கும் தெரியலன்னா டாக்டர்ட்ட போங்க. தெரிய ஆரம்பிச்சு அப்புறம் குறைஞ்சா அன்னிக்கே போயிடணும், அதுல மட்டும் நாளைக்குப் பாப்போம்னு இருக்காதீங்க.

ராணிமா60:
எங்க காலத்துல ஸ்கேனே கிடையாது, மூணு பெத்தோம். எல்லாருக்கும் வர்ற பயம்தான்மா, சாமிய கும்பிட்டுட்டு படு.

வார்டுநர்ஸ்:
அம்மா, நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க, ஆனா பயம் வேற, ரெண்டு வாரத்துக்கு மேல தினமும் தூக்கம் போய் சாப்பாடு எறங்காம இருக்கறது வேற. முதல்பாப்பா, அடுத்த செக்கப்ல பிபி, வெயிட் பாத்ததும் எழுந்து வந்துடாம இதையும் சொல்லுங்க, அங்க நிறைய பேர் வாயே திறக்கறதில்ல. தூக்க மாத்திரை நீங்களா வாங்கிப் போடாதீங்க. ராத்திரி தாங்கலன்னா 14416, டெலி மானஸ், கவர்மென்டோட மனநல ஹெல்ப்லைன், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். போனை ஹால்ல சார்ஜ் போட்டுட்டுப் படுங்க, வர்ற சந்தேகத்தையெல்லாம் ஸ்கேன் ஃபைல் பின்னாடி எழுதி வச்சு டாக்டர்கிட்ட கேளுங்க. வீட்டுக்காரரையும் ஒரு செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போங்க, மாமியாருக்கு அவரே பதில் சொல்லட்டும்.

முதல்பாப்பா:
தேங்க்ஸ்க்கா, படிக்கறப்பவே அழுகை வந்துடுச்சு. திங்கக்கிழமை செக்கப், சொல்லிடறேன். கொஞ்ச நாள் அம்மா வீட்டுல இருக்கலாம்னு பாக்குறேன், சேலம், பஸ்ல போகலாமா?

கோவைஅம்மா:
டாக்டர் சரின்னா போங்க. பின் சீட் மட்டும் வேணாம்.