தணிப்பா, தணிவா? லேசர் திறனுக்கு ஒரு சொல்

அன்புடையீர்,

‘ஆட்டோமேட்டிக் பவர் ரிடக்‌ஷன்’ என்பதற்குத் ‘தானியங்கித் திறன்குறைப்பு’ என்று முந்தைய மடலில் முன்மொழிந்திருந்தீர்கள். ஒளியிழை (ஃபைபர்) அறுந்தால் லேசரின் ஒளித்திறனைக் கருவியே இறக்கிவிடும் ஏற்பாட்டின் பெயர் இது. உங்கள் சொல்லில் பொருட்பிழையில்லை. ஆனால் கடலூரில் ஒளியிழை பழுதுபார்க்கும் எனக்கு அது ஒட்டவில்லை. திறன் குறைந்துவிட்டது என்றால் லேசருக்கு வயதாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்றுதான் எங்கள் ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள்.

போன மழைக்காலத்தில் மஞ்சக்குப்பம் பக்கம் வடிகால் தோண்டிய ஜேசிபி எங்கள் கேபிளை அறுத்துவிட்டது. சேற்றுப் பள்ளத்தில் இறங்கி மேலுறையைச் சீவிக்கொண்டிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த பையன் அறுந்த இழையின் நுனியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். “வெளிச்சமே இல்லை அண்ணே, இது செத்த இழை” என்றான். கையைத் தட்டிவிட்டேன். 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் இமையும் தானாக மூடாது. ஒளிபெருக்கி (ஆம்ப்ளிஃபையர்) வைத்த தடத்தில் 100 மில்லிவாட் பாய்ந்தாலும் அந்த நுனி இருட்டாகத்தான் இருக்கும்.

அவனுக்கு அங்கேயே விளக்க வேண்டியிருந்தது. போக ஓர் இழை, வர ஓர் இழை. போகும் இழை அறுந்தால் எதிர்முனையில் ஒளியை வாங்கும் ஏற்பிக்கு (ரிசீவர்) ஒளி வராது. உடனே அந்த முனை நம் பக்கம் அனுப்பும் ஒளியை நிறுத்தும். அது நின்றதைப் பார்த்து நம் முனையும் தன் லேசரை இறக்கிவிடும். அடியோடு நிறுத்துவது ஒரு முறை, தீங்கில்லாத அளவுக்கு இறக்கிவைப்பது இன்னொரு முறை. உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் தரநிலைப் பிரிவான ஐடியு-டியின் ஜி.664 பரிந்துரை இரண்டையும் வேறுவேறாகவே சொல்கிறது. பையன் கேட்டுவிட்டு, “அடுப்பைத் தணித்து வைப்பதுபோல” என்றான். சொல் அங்கேயே கிடைத்துவிட்டது.

தணித்தல் வேறு, அணைத்தல் வேறு. வடலூரில் 1867-இல் மூட்டிய அணையா அடுப்பு இருக்கும் மாவட்டத்துக்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே ஷட்டவுனுக்கு ‘அணைப்பு’, ரிடக்‌ஷனுக்குத் ‘தணிப்பு’.

இழையில் இயல்பாக நேரும் இழப்பையும் தணிப்பு என்கிறோமே, குழம்பாதா என்று கேட்பீர்கள். குழப்பத்தைத் தமிழே தீர்த்துவைக்கிறது. தானாகத் தணிவது தணிவு. நாம் தணிப்பது தணிப்பு. 1550-இல் கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபெல் போவது தணிவு. 20 டிபிஎம்மில் (ஒளித்திறனை டெசிபெல்லில் சொல்லும் அளவு) இருந்த லேசரை 10 டிபிஎம்முக்கு, அதாவது 100 மில்லிவாட்டிலிருந்து 10-க்கு இறக்குவது தணிப்பு. தன்வினைக்கும் பிறவினைக்கும் சொல்லின் ஈற்றிலேயே வேறுபாடு காட்டும் மொழி கையில் இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவானேன்? ‘குறைப்பு’க்கும் ‘குறைவு’ உண்டுதான். ஆனால் குறைவு என்றதும் ஏதோ குறை என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

‘பவர் கண்ட்ரோல்’ எனும் ‘கட்டுப்பாடு’ என்பதை இதில் கலக்க வேண்டாம். அது மூன்றாவது சங்கதி. லேசர் சில்லின் (சிப்) பின்முகத்தில் கசியும் ஒளியை ஒரு சிறு ஒளியுணரி பார்த்துக்கொண்டே இருக்கும். வெயிலிலோ வயதாலோ ஒளி மங்கினால் மின்னோட்டத்தைக் கூட்டும், மிஞ்சினால் குறைக்கும். அங்கே நோக்கம் இறக்குவதன்று, நிலையாக வைப்பது. அதற்குத் ‘திறன் நிலைநிறுத்தம்’ போதும்.

‘தானியங்கி’ நீளம் என்றால் ‘தன்’ போட்டுச் சுருக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். சுருக்கிப் பாருங்கள்: பொன்னும் தாமரையும் பொற்றாமரை ஆவதுபோல் அது ‘தற்றணிப்பு’ ஆகும். பள்ளத்தில் நிற்கிறவன் வாயில் அது நுழையாது. ‘தானியங்கித் தணிப்பு’ இருக்கட்டும். பேச்சில் வெறும் ‘தணிப்பு’ என்றே நின்றுவிடும். லேசரைச் ‘சீரொளி’ ஆக்கும் சண்டைக்கும் நான் வரவில்லை.

எனக்கு இன்னும் ஒரு சொல் வேண்டும். இழையை ஒட்டி முடித்ததும், கருவி சிறு துடிப்பு ஒன்றை அனுப்பிப் பார்த்து, வழி சரியென்றால் பழைய அளவுக்குத் திரும்புகிறது. விளக்கேற்றும் நினைவில் ‘மீளேற்றம்’ என்று எழுதினேன். படித்தவர் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது என்று நினைத்தார். உங்களிடம் வேறு சொல் இருந்தால் எழுதுங்கள். கையேட்டில் அந்த வரியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.