குளச்சல் பக்கம் பழைய வார்ப்பு வீடு: அடுக்களையைப் புதுசாக்கணும், எதுல செய்யலாம்?

கடலோர வீடு:

எல்லாருக்கும் வணக்கம். வீடு குளச்சல் பக்கம், கடல் ஒரு கிலோமீட்டருக்குள்ளதான். 1994-ல கட்டின வார்ப்பு (கான்கிரீட் கூரை) வீடு, செங்கல் சுவர், ஒரே தளம். அடுக்களை 10க்கு 9 அடி. இப்ப கடப்பாக்கல் தட்டும் சிமெண்ட் மேடையும்தான் இருக்கு. அதை எடுத்துட்டு மாடுலர் கிச்சன் போடலாம்னு இருக்கோம். சந்தேகம் நாலு:

ஒண்ணு, கடைக்காரர் எம்டிஎஃப் பலகையில அக்ரிலிக் கதவு போட்டா நல்லா இருக்கும்னு சொல்றார். வாட்டர் ப்ரூஃப்தானாம். நம்பலாமா?

ரெண்டு, மேற்குச் சுவர் தரையிலிருந்து ரெண்டு அடி வரை உப்பு பூத்து, புட்டி பொரிஞ்சு உதிருது. திரும்பப் பூசியும் நிக்கல. கேபினெட் வந்தா மறைஞ்சிடும்னு சொல்றாங்க.

மூணு, அடுக்களைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவுல இருக்கிற சுவரை முழுசா எடுத்து ஓப்பன் கிச்சன் ஆக்கலாமா?

நாலு, ஹால்ல பழைய மொசைக் தரை மேலயே டைல் ஒட்டலாமா? 9½ அடி உயரம்தான் இருக்கு, ஜிப்சம் சீலிங் போடலாமா?

ஜூன்ல வேலை தொடங்கலாம்னு யோசனை. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

தக்கலை சைட் இன்ஜினியர்:

உங்க ரெண்டாவது கேள்விதான் முதல் கேள்வி. அந்தச் சுவரைச் சரி பண்ணாம அது முன்னாடி எந்தப் பலகையை நிறுத்தினாலும், ஓதம் (சுவர் ஈரம்) பலகையோட முதுகுல ஏறும். வெளியே தெரியவும் செய்யாது. ஒருநாள் கதவைத் திறந்தா பூஞ்சை வாடை வரும், அப்பதான் தெரியும்.

ஓதம் எங்கேருந்து வருதுன்னு பாருங்க. ஓர் அடி சதுரத்துக்குப் பாலித்தீன் ஷீட்டை நாலு ஓரமும் டேப் போட்டுச் சுவர்ல ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. சுவரைப் பார்த்த பக்கம் வியர்த்தா ஈரம் சுவருக்குள்ள இருக்கு. நம்மைப் பார்த்த பக்கம் வியர்த்தா அது அடுக்களை ஆவி, காற்றோட்டம் பத்தல. கறை சுவர் நீளத்துக்கும் ஒரே மட்டமா இருந்தா அடியிலேருந்து ஏறுது. ஒரு இடத்துல மட்டும் திட்டா இருந்தா குழாய்க் கசிவைத் தேடுங்க. மழைக்கு மட்டும் வந்தா வெளிப்பூச்சுல வெடிப்பு இருக்கும்.

நீங்க சொல்றதைப் பார்த்தா ஏறுற ஓதம் மாதிரி இருக்கு. ஒண்ணு கேக்கணும்: அந்தச் சுவருக்கு வெளியே முற்றத்துல இன்டர்லாக் கல் பதிச்சிருக்கீங்களா? பதிச்சப்போ முற்றத்தோட மட்டம் வீட்டுத் தரைக்குக் கிட்ட வந்திருச்சா?

நடுச்சுவர் பத்தி: 9 இஞ்ச் சுவர்னா, அந்தக் காலத்து ஒற்றைத் தள வீட்டுல வார்ப்பு பெரும்பாலும் அது மேலதான் உட்கார்ந்திருக்கும். முழுசா எடுக்க முடியாது. 4½ இஞ்ச்னா தடுப்புச் சுவரா இருக்கலாம், ஆனா அதையும் நேர்ல பார்த்துதான் சொல்ல முடியும். சுவர் தடிமன் சொல்லுங்க.

ஜூன் வேண்டாம். நமக்குத் தென்மேற்கும் உண்டு, அக்டோபர்லேருந்து வடகிழக்கும் உண்டு. பூச்சு காயாது, மரம் ஈரம் குடிக்கும், பெயிண்ட் கொப்பளிக்கும். கொத்து வேலையை ஜனவரிக்குத் தள்ளினா ஏப்ரலுக்குள்ள பெயிண்ட் வரை முடிச்சிடலாம்.

---

நாகர்கோவில் மாடுலர்:

எம்டிஎஃப் வேண்டாம். சாதா எம்டிஎஃப்ங்கிறது மரத்தூள் நாரை அழுத்தின பலகை, வெட்டு ஓரம் வழியா தண்ணி போச்சுன்னா உப்பும், உப்பினது திரும்பச் சுருங்காது. "வாட்டர் ப்ரூஃப்"னு அவர் சொல்றது ஈரம் தாங்குற பச்சை நிறப் பலகையா இருக்கலாம். அது ஈரக் காற்றைத் தாங்கும், சிங்க்குக்குக் கீழே சொட்டுற தண்ணியைத் தாங்காது.

மரத்துல செய்யணும்னா ஐஎஸ் 710 (தண்ணி தாங்குற மரைன் தரம்) பிளைவுட் எடுங்க. ஐஎஸ் 303 எம்ஆர் (ஈரக் காற்றை மட்டும் தாங்குற) தரம் படுக்கையறை அலமாரிக்குப் போதும், அடுக்களைக்குப் பத்தாது. 710 முத்திரை குத்தின போலிப் பலகை நிறைய. பலகையில ஐஎஸ்ஐ குறிக்குக் கீழே உரிம எண் இருக்கும், அதை இந்தியத் தர நிர்ணய அமைப்போட பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டுப் பாருங்க. கூடவே ரெண்டு இஞ்ச் துண்டு ஒண்ணை வெட்டி நாலஞ்சு மணி நேரம் கொதிக்கிற தண்ணியில போடுங்க. அடுக்கு பிரிஞ்சா போலி. பிரியலைன்னா அசல்னு உறுதி கிடையாது, ஏன்னா தர நிர்ணயச் சோதனை 72 மணி நேரக் கொதி.

பெட்டிக்கு 18 எம்எம், முதுகுப் பலகை 6 எம்எம்-க்குக் குறையாம, கதவு 18 எம்எம். வெளியே 1 எம்எம் லேமினேட். உள்ளேயும் 0.8 லேமினேட் ஒட்டச் சொல்லுங்க, ஒரு பக்கம் மட்டும் ஒட்டினா கதவு வில்லா வளையும். கதவு ஓரத்துக்கு 2 எம்எம் பிவிசி எட்ஜ் பேண்ட் (ஓரப் பட்டி). குழாய்க்காகப் போடுற துளை, முதுகுப் பலகை ஓரம், அடிப்பலகை ஓரம் இதையெல்லாம் யாரும் கவனிக்கிறதில்ல. பலகை கெடுறது அங்கேருந்துதான். அந்த ஓரங்கள்ல ரெண்டு கோட் எபாக்ஸியோ, வாட்டர் ப்ரூஃப் மரப்பசையோ பூசின பிறகு மாட்டச் சொல்லுங்க.

பெட்டியைத் தரையில உட்கார வைக்காதீங்க. 4 இஞ்ச் பிளாஸ்டிக் கால் வச்சு, முன்னாடி கழட்டக்கூடிய பட்டி போடுங்க. கூட்டித் துடைக்கலாம், செதல் ஏறினாலும் கண்ணுல படும்.

இப்ப இரும்புச் சாமான். நம்ம கரையில பலகையை விட முதல்ல போறது கீலும் திருகும்தான். கீல் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 ரகம் கேளுங்க, திருகும் எஸ்எஸ்-ஆவே இருக்கட்டும். முலாம் பூசின திருகு கொஞ்ச நாள்ல காவி அழும். காந்தம் வச்சுப் பார்த்து "ஒட்டல, அதனால 304"னு கடையில காட்டுவாங்க. மட்டமான 202 ரகமும் காந்தத்துல ஒட்டாது. ரெண்டையும் பிரிச்சுக் காட்டுறது சொட்டு மருந்துச் சோதனை, பாத்திர மொத்தக் கடைகள்ல வச்சிருப்பாங்க. விலை மலிவான கம்பிக் கூடையெல்லாம் 202தான். கடல் இவ்வளவு கிட்ட இருந்தா 304-லயே டீக்கறை மாதிரி புள்ளி வரும், நல்ல தண்ணியில துடைச்சாப் போயிடும். கழிவறை கழுவுற ஆசிட்டை சிங்க்குக்குக் கீழே வைக்காதீங்க. மூடி போட்டிருந்தாலும் அந்த ஆவி போதும், எந்த எஸ்எஸ்-ஐயும் தின்னுடும்.

---

ஃபெரோ வேலை, மார்த்தாண்டம்:

மேலே அண்ணாச்சி சொன்னதெல்லாம் சரிதான். ஆனா குளச்சல்ல, அதுவும் ஓதச் சுவர்ல, கீழ்ப்பெட்டிக்கு மரமே எதுக்கு? ஃபெரோசிமெண்ட் (கம்பி வலைக்கு மேல சிமெண்ட் கலவை பூசின) தட்டுல கீழ்ப்பெட்டியைக் கட்டிட்டு, முன்னாடி அலுமினியச் சட்டமும் கதவும் போடுங்க. தண்ணி ஊத்திக் கழுவலாம், செதலுக்குத் தின்ன ஒண்ணுமில்ல.

தட்டு 25 எம்எம் தடிமன் இருக்கணும். வாங்கும்போது உள்ளே இருக்கிற வலை துத்தநாகம் பூசினதான்னு கேளுங்க. வெட்டு ஓரத்துல வலை நுனி வெளியே நீட்டிட்டு இருந்தா அந்தத் தட்டைத் திருப்பி அனுப்புங்க. நம்ம உப்புக் காத்துல அந்த நுனி துருப்பிடிச்சு, துரு உள்ளே ஓடி, ஓரம் பிளந்து வரும். சதுர மீட்டருக்கு 60 கிலோ கிட்ட எடை வரும், அதனால கீழே மட்டும். சுவர்ல தொங்க விடுற மேல்பெட்டியை 710-லயோ அலுமினியத்துலயோ செய்ங்க.

தட்டுல நேரா கீல் திருக முடியாது, பிடிக்காது. அலுமினியச் சட்டத்தை நைலான் பிளக், எஸ்எஸ் திருகு போட்டுத் தட்டோட முன் ஓரத்துல நிறுத்தி, கதவை அந்தச் சட்டத்துல தொங்க விடணும். ஈர சிமெண்ட் அலுமினியத்தை அரிக்கும். கலவை நல்லா காய்ஞ்ச பிறகே சட்டம். தட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவுல பிவிசி டேப் ஒரு பட்டை ஓடட்டும், திருகுக்கு நைலான் வாஷர்.

இழுப்பறைதான் இதுல குறை. ரெயில் பிடிக்க ஃபெரோ ஒத்து வராது. ஈரமில்லாத சுவர்ப் பக்கம் ரெண்டு அடி அகலத்துல ஒரே ஒரு 710 பெட்டியைக் கால் மேல நிறுத்தி, கரண்டி, தட்டு எல்லாம் அங்க வச்சுக்கங்க. சிங்க், அடுப்பு, சிலிண்டர் இருக்கிற பக்கம் முழுக்க ஃபெரோ.

---

நாகர்கோவில் மாடுலர்:

அதை ஒத்துக்கிறேன். சிங்க் பக்கம் ஃபெரோதான் நல்லது. ஒரே எச்சரிக்கை, ஃபெரோவை ஒரு தடவை கட்டினா பிறகு நகர்த்த முடியாது. அதனால அளவை முதல்லயே முடிவு பண்ணுங்க. மேடை உயரம் அடுக்களையில அதிகம் நிக்கிறவங்களுக்கு ஏத்த மாதிரி: முழங்கை மடக்கி நின்னா வர்ற உயரத்துலேருந்து 5 இஞ்ச் குறைங்க. நம்ம வீட்டுப் பெண்களுக்குப் பெரும்பாலும் 32 முதல் 34 இஞ்ச்ல வந்து நிக்கும். மேடை அகலம் 24 இஞ்ச், மேடைக்கும் மேல்பெட்டிக்கும் நடுவுல 24 இஞ்ச், மேல்பெட்டி ஆழம் 12 முதல் 14. அதுக்கு மேல ஆழம் வச்சா மேடையில குனியும்போது தலை முட்டும்.

---

கடலோர வீடு:

ரொம்ப நன்றி. இன்ஜினியர் அண்ணே கேட்டது சரி. வெளியே இன்டர்லாக் போட்டிருக்கோம், வீட்டுத் தரைக்கு ரெண்டு இஞ்ச் கீழதான் முற்றம். அதுக்குப் பிறகுதான் சுவர் பூக்க ஆரம்பிச்சுது. நடுச்சுவர் அளந்தேன், பூச்சோட சேர்த்து 10 இஞ்ச். செதலுக்கு மருந்து அடிக்கணுமா? கிணறு அடுக்களைச் சுவருக்கு எட்டு அடி தள்ளி இருக்கு. இன்னொண்ணு, மீன் பொரிச்சா வீடு முழுக்க மணம், சிம்னி எது வாங்கலாம்?

---

தக்கலை சைட் இன்ஜினியர்:

அப்ப காரணம் தெரிஞ்சு போச்சு. மழைத் தண்ணி இன்டர்லாக் இடுக்கு வழியா இறங்கி, சுவரோட ஓதத்தடைக்கு (ஈரம் ஏறாம அடியில போடுற அடுக்கு) மேல நிக்குது. அந்தச் சுவர் நீளத்துக்கும் ஒன்றரை அடி அகலத்துக்குக் கல்லை எடுங்க. வீட்டுத் தரைக்கு 6 இஞ்சாவது கீழே மண்ணை இறக்கி, வெளிப்பக்கம் சாய்வு வச்சு ஒரு ஓடை கட்டுங்க. கூரைத் தண்ணி விழுற குழாயும் அந்த ஓடையில சேரணும்.

உள்ளே, கறை எவ்வளவு உயரமோ அதுக்கு மேல ஓர் அடி வரைக்கும் பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுங்க. செங்கல் இணைப்புல அரை இஞ்ச் சுரண்டணும். உப்பைக் காய்ஞ்ச கம்பி பிரஷ்ஷால தேய்ச்சுக் கூட்டி அள்ளுங்க. தண்ணி ஊத்திக் கழுவினா உப்பு கரைஞ்சு திரும்ப உள்ளே போகும். பிறகு ஒரு மாசமாவது சும்மா விட்டுருங்க. மேஸ்திரி அவசரப்படுவார், விடாதீங்க. மறுபூச்சு 1:4 (சிமெண்ட் ஒரு பங்கு, மணல் நாலு பங்கு), சிமெண்ட் மூட்டைக்கு 200 மில்லி வாட்டர் ப்ரூஃப் திரவம், மணல் கழுவின பூச்சு மணலா இருக்கட்டும். வெளியே மட்டத்தை இறக்காம இந்தப் பூச்சை மட்டும் போட்டா ஓதம் நிக்காது, பூச்சுக்கு மேல ரெண்டு அடிக்குப் பதிலா நாலு அடியில வந்து பூக்கும். கேபினெட் நிறுத்துறப்போ சுவருக்கும் பெட்டிக்கும் நடுவுல ஒரு இஞ்ச் காத்து போக விடுங்க.

நடுச்சுவர் 9 இஞ்ச் செங்கல், பாரம் தாங்குற சுவர். முழுசா எடுக்காதீங்க. 4 அடி அகலத்துல, மேடை மட்டத்துக்கு மேல மட்டும் ஒரு திறப்பு வைங்க. பரிமாறவும் வசதி, காத்தும் வெளிச்சமும் வரும், வாடை முழுசா ஹாலுக்குப் போகாது. திறப்புக்கு மேல லிண்டல் (பாரம் தாங்குற உத்திரம்) ரெண்டு பக்கமும் 8 இஞ்ச் சுவருக்குள்ள உட்காரணும். ரெண்டு பக்கமும் வார்ப்புக்கு முட்டுக் கொடுத்துட்டு, சுவரோட பாதித் தடிமன் வரைக்கும் ஒரு பக்கமா வெட்டி லிண்டலை ஏத்தி இறுக்கின பிறகுதான் அடுத்த பாதி. ஒரே அடியில உடைச்சா மேலே விரிசல் விழும். முட்டு 14 நாள் நிக்கணும். உள்ளூர் இன்ஜினியர் ஒருத்தர் வார்ப்பைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு கை வைங்க.

செதல் மருந்து: வழக்கமா சுவரும் தரையும் சேருற இடத்துல ஓர் அடிக்கு ஒண்ணா 12 எம்எம் துளை போட்டு, துளைக்கு 1 லிட்டர் விடுவாங்க. உங்க கிணறு எட்டு அடியில இருக்கிறதால அந்தச் சுவர்ல இதைச் செய்ய விடாதீங்க. மருந்து மண்ணு வழியா கிணத்துக்குப் போகும். ஃபெரோ கீழ்ப்பெட்டி வந்தா அங்கே தேவையும் இல்ல. கதவு நிலைகளுக்கு மட்டும் மரத்துல மருந்து பூசினாப் போதும்.

---

நாகர்கோவில் மாடுலர்:

சிம்னி: உங்க அடுக்களை கிட்டத்தட்ட 25 கன மீட்டர். மணிக்கு 15 தடவை காத்து மாத்தினாலே மணிக்கு 400 கன மீட்டருக்குள்ளதான் வருது. 1200, 1500-னு பெட்டியில போட்டிருக்கிறதைப் பார்த்து மயங்க வேண்டாம். இழுக்குற சக்தியைக் கொல்றது குழாய். 6 இஞ்ச் குழாய், நீளம் 8 அடிக்குள்ள, வளைவு ஒண்ணு. சுருங்கி விரியற பேப்பர் மாதிரிக் குழாயைத் தளர்வா விட்டா எண்ணெய் மடிப்புல தேங்கும். குழாயில்லாத சிம்னி கரித்தூள் வழியா வாடையை வடிகட்டி வீட்டுக்குள்ளயே விடுது, மீனுக்கு அது பத்தாது. குழாய் வாய் மேற்குப் பக்கம் வேண்டாம், மழைக்காத்து உள்ளே தள்ளும். அடுப்புக்கு மேல 26 முதல் 30 இஞ்ச்ல நிறுத்துங்க. ஜன்னலை அடைச்சிடாதீங்க, உள்ளே காத்து வராம எந்த சிம்னியும் இழுக்காது.

---

தரை_டைல்:

ஹாலுக்கு நான் சொல்றேன். மொசைக்கை மூடாதீங்க. நாணயத்தால தட்டிப் பாருங்க, பொள்ளல் சத்தம் வராம இருந்தா கல் வச்சு உரசி பாலீஷ் போட்டாப் போதும். டைல் ஒட்டினா பசையோட சேர்த்து 15 எம்எம் தரை உயரும். எல்லாக் கதவையும் கழட்டி அடியில சீவணும், குளியலறைப் படி மட்டமாகி ஹாலுக்குத் தண்ணி வரும். டைல்தான் வேணும்னா பழைய தரை மேல ஒட்டுறதுக்குன்னே வர்ற பாலிமர் பசை மட்டும், சிமெண்ட் பால் கூடாது. மொசைக் மெழுகு போற வரைக்கும் உரசிட்டு, பல் கரண்டியால இழுத்து, டைல் முதுகுலயும் தேய்ச்சு ஒட்டணும். சுவர் ஓரம் 5 எம்எம் இடைவெளி, ஸ்கர்டிங் (சுவர் அடிப் பட்டி) மூடிக்கும்.

சீலிங் பத்தி: 30 வருஷத்து வார்ப்பு, கடலோரம். முதல்ல ஏணி போட்டுச் சுத்தியலோட பின்பக்கத்தால வார்ப்போட அடிப்பக்கம் முழுக்கத் தட்டுங்க. கம்பி ஓடுற நேர்ல கோடு மாதிரி வெடிப்போ, பொள்ளல் சத்தமோ இருந்தா கம்பி துரு எடுத்துட்டு இருக்கு. அதை ஜிப்சம் போட்டு மறைச்சா, பெயர்ந்து விழுற சில்லு அந்த ஜிப்சம் பலகை மேலதான் வந்து தங்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. வார்ப்பு நல்லா இருந்தாலும் 9½ அடியில முழு சீலிங் வேண்டாம். 6 இஞ்ச் போச்சுன்னா ஃபேன் தலைக்குக் கிட்ட வரும், சட்டம் ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு), அதுவும் துருப்பிடிக்கும். ஓரத்துல மட்டும் ரெண்டு அடி அகலத்துக்குக் கால்சியம் சிலிகேட் பலகை ஓடவிட்டு அதுக்குள்ள எல்இடி பட்டை வைங்க. நடுவுல வார்ப்பு வெறுமனே தெரியட்டும், வருஷா வருஷம் ஒரு பார்வை பார்த்துக்கலாம்.